வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருக்கலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா அவர்களுக்கு வணக்கம். கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்களுக்குக் கீழும் மேலுமாக ஒரு வீடு இருக்கிறது. என் கணவர் 1999-ல் கட்டியது, அவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. உயில் எதுவும் இல்லை. எனக்கு 61 வயது, குடும்ப ஓய்வூதியம் 14,000 ரூபாய் வருகிறது. மகன் ஒரு பேக்கரி வைத்து நஷ்டப்பட்டு, இப்போது சிப்காட்டில் 24,000 சம்பளத்தில் இருக்கிறான். மகள் கல்யாணமாகிப் புதுச்சேரியில் இருக்கிறாள். வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி 5 லட்சம், நகைக் கடன் 2 லட்சம், வெளியில் மூணு வட்டிக்கு வாங்கியது 6 லட்சம். என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் புதுச்சேரியில் மனை வாங்கி விற்கும் தொழில் செய்கிறார். சந்தையில் 40 லட்சம் போகும் வீட்டை 20 லட்சத்துக்குக் கிரயம் செய்து தரச் சொல்கிறார். நாங்கள் கீழ்வீட்டிலேயே மாதம் 10,000 வாடகைக்கு இருக்கலாமாம். மூன்று வருஷத்துக்குள் 27 லட்சம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவாராம். "பேர்தான் மாறும், வீடு உங்களுடையதுதான்" என்கிறார். திருப்பித் தரும் விஷயத்தைக் கிரயப் பத்திரத்தில் எழுதினால் பதிவில் சிக்கல் வரும், தனியாக 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. தை பிறந்ததும் பத்திரம் போட்டுவிடலாம் என்று அவசரப்படுத்துகிறார். செய்யலாமா?

— ஒரு வாசகி, கூத்தப்பாக்கம்

பதில்:

அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற விவரத்தை மட்டும் வைத்தே இதைச் சொல்லிவிட முடியும்.

நீங்கள் வீட்டை விற்க நினைக்கவில்லை. கடன் அடைக்கப் பணம் வேண்டும், வீடும் கையைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான் உங்கள் தேவை. அதாவது நீங்கள் கேட்பது கடன். ஆனால் அவர் போடச் சொல்லும் பத்திரம் கிரயம். கடன் வாங்குகிறவர் கிரயம் எழுதிக் கொடுத்தால், பின்னால் சண்டை வரும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது அந்தப் பத்திரத்தைத்தான். அதில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "கிரயத் தொகை முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, சொத்தின் சுவாதீனத்தை இன்றே தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டபடியால், இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருக்கும். நம் ஊர்ப் பத்திரங்களில் வழிவழியாக வரும் வாசகம் இது, எழுத்தர்கள் யாரும் மாற்றுவதில்லை. அதன் கீழே நீங்கள் கையெழுத்தும் கைரேகையும் வைத்து, சார்பதிவாளர் முன்னால் "சம்மதம்தான்" என்று சொல்லி, போட்டோவும் எடுத்துக்கொண்ட பிறகு, "வீடு எங்களுடையதுதான் என்று வாயால் சொன்னாரே" என்பதை யார் கேட்பார்கள்? எழுதிப் பதிவான ஆவணத்துக்கு நேர்மாறான வாய்ப்பேச்சைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. பழைய சட்டத்தில் இருந்த அந்த விதி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. விதிவிலக்கு உண்டு. பத்திரமே வெறும் கண்துடைப்புக்காக எழுதப்பட்டது என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வழக்கை நடத்தி முடிக்கப் பல வருஷம் பிடிக்கும். அத்தனை வருஷமும் வீடு அவர் பெயரில்தான் இருக்கும்.

அந்த 20 ரூபாய்த் தாளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. திருப்பித் தருகிறேன் என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்துக்கு உள்ளேயே இருந்தால் சட்டம் அதை நிபந்தனைக் கிரய அடமானமாகப் பார்க்க இடம் உண்டு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் அப்படி ஒரு வகை இருக்கிறது. அடமானம் என்று ஆகிவிட்டால் உங்கள் கை ஓங்கிவிடும். பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு, அதற்கு 30 வருஷம் வரை வழக்குப் போடலாம். கெடு தாண்டியது என்று அவரே வீட்டை முடித்துக்கொள்ள முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் 1929-ல் அந்தப் பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்படாவிட்டால் அதை அடமானமாகக் கருதவே முடியாது. தனித்தாளில் எழுதலாம் என்று அவர் சொல்வதன் பலன் முழுக்க இங்கேதான் இருக்கிறது. தெரிந்து சொல்கிறாரோ தெரியாமல் சொல்கிறாரோ, நஷ்டம் உங்களுக்கு. பதிவில் சிக்கல் வரும் என்பதும் சரியில்லை. அடமானத்தை அடமானமாகவே பதிவு செய்ய எந்தத் தடையும் கிடையாது.

தனித்தாளில் எழுதினால் அது வெறும் மறுகிரய ஒப்பந்தம், அதாவது வாங்கியவர் பிறகு உங்களுக்கே திருப்பி விற்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தங்களையும் பதிவு செய்தாக வேண்டும். பதியாத தாளை நம்பிப் பிறகு எதையும் சாதிப்பது கஷ்டம். பதியாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிலும் வராது. நாளைக்கு அவர் வேறு ஒருவருக்கு வீட்டை விற்றால், வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார். பதிந்தாலும் இன்னொரு இடி இருக்கிறது. சாதாரண விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் நீதிமன்றங்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மறுகிரயத்தில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. குறித்த தேதிக்குள் பணத்தோடு நிற்க வேண்டும். தேதி தாண்டினால் உரிமை போய்விட்டது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். கைக்கு வருவது 20 லட்சம். மூன்று வருஷ வாடகை 3 லட்சத்து 60 ஆயிரம். திருப்பி வாங்க 27 லட்சம். அப்படித் திருப்பி வாங்குவதும் ஒரு கிரயம்தான், அதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும், 2 லட்சத்து 43 ஆயிரம். மொத்தம் 33 லட்சத்துக்கு மேல். வாங்கிய 20 லட்சத்துக்கு மூன்று வருஷத்தில் 13 லட்சம் கூடுதலாகப் போகிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய 22 சதவீத வட்டி. அடைக்க வேண்டிய கடனே உங்களுக்கு 13 லட்சம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்து, 38,000 வருமானத்தில் வாடகையும் கொடுத்துச் சாப்பிட்டு, மூன்று வருஷத்தில் 27 லட்சம் சேர்த்தால் கிடைக்கிற முடிவு இது. சேர்க்க முடியாவிட்டால், முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, 40 லட்சம் சொத்து 20 லட்சத்துக்குப் போயிருக்கும். இந்த ஏற்பாட்டில் அவருக்கு லாபமே நீங்கள் கெடுவுக்குள் பணம் கட்டத் தவறும்போதுதான் வருகிறது.

வருமான வரியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். விற்ற விலையைவிட அரசு வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், நீங்கள் அந்தக் கூடுதல் மதிப்புக்கே விற்றதாக வைத்துத்தான் ஆதாயத்தைக் கணக்கிடுவார்கள். கையில் வராத பணத்துக்கு வரி. விற்ற பணத்தில் குறித்த காலத்துக்குள் வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு, நீங்களோ கடன் அடைக்கப் போகிறீர்கள். சில இடங்களில் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பையே எழுதிவிட்டு, குறைவான பணத்தைக் கொடுத்து, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

சரி, வாடகைக்கு இருக்கலாம் என்கிறாரே, அதற்கு என்ன பலம் இருக்கிறது? கிரயம் முடிந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் அந்த வீட்டில் மற்ற எந்த வாடகைதாரரையும் போலத்தான். கடலூரில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம்தான் பொருந்தும். பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை மனதில் வைத்து "வாடகைக்கு இருக்கிறவரை அவ்வளவு சுலபமாகக் காலி செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் காலி செய்யக் கேட்கலாம். சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்றும் கேட்கலாம். வாடகையை உயர்த்துவதில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றால் அதுவே ஒரு காரணம். அவர் வழக்கம்போல 11 மாத ஒப்பந்தம் ஒன்றை நீட்டுவார். மூன்று வருஷம் இருக்கலாம் என்றவர் எதற்கு 11 மாதத்துக்கு எழுதுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும், பதியாவிட்டால் மூன்று வருஷம் என்று எழுதியிருப்பதை வைத்து நீங்கள் உரிமை கேட்க முடியாது. (உங்கள் மகள் வீட்டுப் பக்கம், அதாவது புதுச்சேரியில், நடப்பது 1969-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அங்கே நடந்த கதையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.)

இதைவிடப் பெரிய ஆபத்து, அவர் உங்கள் வீட்டை வைத்துக் கடன் வாங்குவது. மனை வாங்கி விற்கிறவருக்குக் கையில் இருக்கும் பத்திரமெல்லாம் முதலீடு. அவர் வங்கியில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்ற வழக்கே இல்லாமல் வீட்டை எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். பதியாத ஒப்பந்தத்தோடு குடியிருக்கிறவரால் அதன் முன் நிற்க முடியாது. இங்கிலாந்தில் இது பெரிய அளவில் நடந்தது. கடன் கட்ட முடியாதவர்களிடம் வீட்டை மலிவாக வாங்கி, காலம் முழுக்க அங்கேயே வாடகைக்கு இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்து, அதே வீட்டின் மேல் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனம் வீட்டைக் கேட்டது. அங்கிருந்த ஒரு பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்குக் கொடுத்த வாக்கு கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் தீர்ப்பு வந்தது. இந்தத் தொழிலை அங்கே 2009-ல் அரசுக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தார்கள், 2012-க்குள் அது ஏறக்குறைய நின்றே போனது. நம் நாட்டில் இதற்கென்று தனியாக ஒரு கண்காணிப்பு இல்லை.

அப்புறம், வீட்டை விற்றவர்களால் அது தன் வீடு இல்லை என்று நினைக்கவே முடிவதில்லை. வாடகைக்கு இருந்துகொண்டே தரை மாற்றுவார்கள், மழைக்கு முன் தளத்தில் பூச்சு வேலை செய்வார்கள். தானே புயல் மாதிரி ஒன்று அடித்துத் தண்ணீர்த் தொட்டியும் சன்னலும் போனால் அவர்களே சரிசெய்வார்கள். "எப்படியும் திரும்ப நமக்குத்தானே" என்று. உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போட்ட அந்தப் பணம் திரும்பி வராது.

இனி உங்கள் மகள் விஷயம். வீடு உங்கள் கணவர் பெயரில் இருந்து, உயில் இல்லாமல் அவர் காலமானதால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. உங்கள் மாமியார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. மகள் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் யாராலும் விற்க முடியாது. சொந்தக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. கடைசி நேரத்தில் "மகளிடம் ஒரு விடுதலைப் பத்திரம் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்று வருவார், அதாவது அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும் என்பார். அதற்கு முன்னால் நீங்களே புதுச்சேரிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். தம்பியோ அண்ணனோ கடன்பட்டதை மறைக்கத்தான் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். அவள் உங்களுக்குப் பாரம் இல்லை, இந்தச் சொத்தின் உரிமையாளர். இந்த மாதிரி வழக்குகளில் வெளியாளை எதிர்க்க வேண்டியவர்கள் தங்களுக்குள்ளேயே எதிர்த்தரப்பாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

சரி, கடனுக்கு என்ன வழி? உங்கள் கடிதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. நீங்கள் குடியிருக்கப்போவது கீழ்வீட்டில் என்றால் மாடி என்ன ஆகிறது? அவர் அதை வேறு ஒருவருக்கு விட்டு வாடகை வாங்குவார். அதை நீங்களே செய்யலாமே. மாடியைப் போக்கியத்துக்கு விட்டால், உங்கள் பக்கத்து நிலவரப்படி ஒரு நல்ல தொகை மொத்தமாகக் கிடைக்கும். 5 லட்சம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அப்படியே அந்த மூணு வட்டிக் கடனில் கட்டினால் பாக்கி 1 லட்சம். இப்போது மாதம் 18,000 வட்டிக்கு மட்டுமே போகிறது, அது 3,000 ஆகிவிடும். மீதி 15,000-தான் உங்களை நிமிரவைக்கும் பணம். இதில் இரண்டு எச்சரிக்கை. வீடு வங்கியில் அடமானத்தில் இருப்பதால் வங்கிக்குத் தெரிவித்து எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வருகிறவரிடமும் அதை மறைக்காதீர்கள். போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். கெடு முடிந்ததும் அந்த 5 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதால், மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை முதல் மாதத்திலிருந்தே தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

போக்கியத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் வங்கிக்குப் போங்கள். ஏற்கெனவே கடன் இருக்கும் அதே கிளையில் வாரிசுச் சான்றைக் கொடுத்து, மூன்று பேரும் சேர்ந்து, வீட்டின் மேல் எல்லாக் கடனையும் ஒன்றாக்கிக் கேட்கலாம். 13 லட்சத்துக்கு 12 சதவீதம், 15 வருஷம் என்று போட்டால் மாதத் தவணை 15,600 வரும். இன்று வெறும் வட்டிக்குக் கொடுக்கும் 18,000-ஐவிடக் குறைவு, அதோடு அசலும் கரையும். 61 வயதான உங்களுக்கு அத்தனை வருஷம் தருவார்களா என்றால், மகனின் சம்பளத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். அவன் முன்னால் நிற்க வேண்டும்.

மூணு வட்டிக்காரரிடமும் பேச இடமுண்டு. நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, 3 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. உடனே புகாருக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் இதுவரை கட்டிய வட்டியைத் தேதிவாரியாக எழுதிவைத்துக்கொண்டு, அசலில் முடித்துக்கொள்ளலாம் என்று பேசுங்கள். மிரட்டினால் புகார் கொடுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு உங்கள் சுயசம்பாத்தியமாக, உங்கள் பெயரிலேயே இருந்து, 60 வயதும் தாண்டியிருந்தால், வங்கிகளில் தலைகீழ் அடமானக் கடன் என்று ஒன்று உண்டு. வீட்டில் இருந்துகொண்டே வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்கலாம், உயிரோடு அங்கே குடியிருக்கும் வரை திருப்பிக் கட்ட வேண்டாம், பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கிளையிலும் ஆர்வமாகச் செய்வதில்லை, வலியுறுத்திக் கேளுங்கள்.

எந்த வழியும் ஒத்துவராமல் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், அம்மா, முழு விலைக்கு வெளியாளுக்கு விற்றுவிடுங்கள். 40 லட்சத்தில் 13 லட்சம் கடன் போனாலும் 27 லட்சம் மீதி. அதில் மூன்று பேர் பங்கையும் பேசி முடித்துக்கொண்டு, வண்டிப்பாளையம் பக்கமோ முதுநகர் பக்கமோ சின்னதாக ஒரு வீடு பார்க்கலாம். பாதி விலைக்கு விற்று அதே வாசலில் வாடகைக்கு இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இல்லை, சொந்தக்காரரிடமே வாங்குகிறேன் என்றால், தேவையான 13 லட்சத்தை மட்டும் அடமானமாகக் கேளுங்கள். பதிவு செய்த அடமானம், வட்டி எவ்வளவு என்று எழுத்தில், பணம் வங்கி வழியாக. உண்மையிலேயே உதவ நினைப்பவர் இதற்கு ஒத்துக்கொள்வார். வங்கிக் கடனை அவர் கட்டி, மூலப்பத்திரத்தை அவரே நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்றால் விடாதீர்கள். பத்திரம் உங்கள் கைக்குத்தான் வர வேண்டும். பவர் பத்திரம் எழுதிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவரிடம் அட்வான்ஸ் என்று ஏதாவது வாங்கியிருந்தால் அதை வங்கி வழியாகத் திருப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது மூலப்பத்திர நகல், கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, புதிதாக எடுத்த வில்லங்கச் சான்று, வங்கிக் கடன் பாக்கிக் கணக்கு, அந்த வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அவர் எழுதிக் கொடுத்த மாதிரித் தாள் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள். மகளையும் கூட அழைத்துப் போங்கள்.